ஒரு வரிசையைச் சும்மா விடுங்கள்: எல்லையோரத் தோட்டக்காரர்களுக்குப் பதில்கள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் தொடங்கி கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, முதலமடை வரைக்கும் இரண்டு மாநிலத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் கல்லூரியில் மண் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் மண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நீளமாகவும் மற்றவர்களுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

ஆனைமலை, தென்னந்தோப்பு: டீச்சர், மட்டைக்கு அடியில வெள்ளை வெள்ளையா சுருள் சுருளா ஈ. கீழ் மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிருச்சு. என்ன மருந்து அடிக்கலாம்ங்க?

மருந்து அடிக்காதீர்கள். இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி, இந்தியாவில் 2016-ல் முதன்முதலாக நம்ம பொள்ளாச்சித் தென்னையில்தான் கண்டுபிடித்தார்கள். ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடுகிறது, அந்த இனிப்பின் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். பூசணம் இலைக்குள் இறங்குவதில்லை, வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். என்கார்சியா என்று ஒரு மிகச் சின்னக் குளவி இருக்கிறது, அது ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், குஞ்சின் ஓட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி உங்கள் தோப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பூச்சிக்கொல்லி அடித்தால் அந்தக் குளவி செத்துப்போகும், ஈ மறுபடி பெருகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், மட்டையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர், கல்லூரி மாணவி: முதல் மழையில் மண் வாசனை வருவது எதனால்? பாக்டீரியா என்கிறார்கள், உண்மையா?

உண்மைதான் கண்ணு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்கள் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளைச் செய்கின்றன. அந்தப் பெயர் 1965-ல் வைத்தது. மனித மூக்கு இதை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த செறிவிலேயே கண்டுபிடித்துவிடும். காய்ந்த மண்ணில் மழைத்துளி விழும்போது துளிக்கு அடியில் காற்று சிக்கிச் சின்னச் சின்னக் குமிழிகளாக மேலே வந்து வெடிக்கிறது, வாசனை அந்தத் தூவலோடு காற்றில் ஏறுகிறது. வேகக் கேமரா வைத்து 2015-ல் இதைப் படம் பிடித்தே காட்டினார்கள். அடைமழையைவிடத் தூறலுக்குத்தான் இந்தத் தூவல் அதிகம், அதனால்தான் மழை பிடிக்கும்போது வரும் வாசனை கொட்டும்போது இருப்பதில்லை.

சரி, பாக்டீரியா எதற்காக வாசனை செய்ய வேண்டும்? 2020-ல் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தந்தது. மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய ஆறுகால் உயிர்கள் இந்த வாசனையைத் தேடி வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன, தின்ற கையோடு அதன் வித்துக்களை உடம்பில் ஒட்டிக்கொண்டும் கழிவில் விட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகின்றன. இன்னொன்றையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்: காசநோய்க்கு முதலில் சரியாக வேலை செய்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் இதே குடும்பத்திலிருந்துதான் வந்தது. 1943-ல் அதைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1952 நோபல் பரிசு ஆய்வகத் தலைவர் வாக்ஸ்மன் ஒருவருக்கு மட்டும் போயிற்று. ஆராய்ச்சிக்குப் போகப் போகிற பிள்ளைகள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கோபாலபுரம், நிலக்கடலை: இடியோட மழை பேஞ்சா பயிர் ரெண்டு நாள்ல கருகருன்னு பச்சையாகுது. மின்னல்தான் யூரியா போடுதுங்களா?

மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொஞ்சம் பிணைத்து மழையோடு இறக்குவது நிஜம். ஆனால் பூமி முழுக்கக் கணக்குப் போட்டால் பாக்டீரியாக்கள் பிணைப்பது அதைப்போல் பல மடங்கு. நீங்கள் பார்க்கும் பச்சைக்குப் பெரிய காரணம் வேறு. கோடையில் மண் காயும்போது நுண்ணுயிர்களில் நிறையச் செத்துப்போகும், மீதி உறங்கிக் கிடக்கும். முதல் நனைப்பில் மிஞ்சியவை விழித்துச் செத்தவற்றையும் மட்கையும் தின்று, ஒரே வீச்சில் நைட்ரஜனைப் பயிருக்கு எட்டும் வடிவத்தில் வெளியே விடுகின்றன. 1950-களில் இதை விரிவாக அளந்தவர் பிர்ச் என்ற விஞ்ஞானி, அவர் பெயரிலேயே பிர்ச் விளைவு என்கிறோம். பயிர் இல்லாத நிலத்தில் அந்த நைட்ரஜன் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் முதல் மழைக்கே சணப்போ தக்கைப்பூண்டோ மாதிரிப் பசுந்தாள் உரப் பயிரை விதைத்துவிடுங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

உங்கள் கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைப் பிணைக்கும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

மீனாட்சிபுரம், தென்னை: வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய்க்கு மேல ஏதாவது ஸ்ட்ராங்கா?

வேண்டாம். மேலே ஆனைமலைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, காய்கறி: சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கரைச்சு ஜீவாமிர்தம் ஊத்துறேன் டீச்சர், ஊத்துனதுக்கு அப்புறம் தோட்டமே மாறிப்போச்சு. இதுல இருக்கிற கிருமிதானே காரணம்?

எந்த வரிசைக்கு ஊற்றவில்லை? எல்லாவற்றுக்கும் ஊற்றியிருந்தால், மாறியது ஜீவாமிர்தத்தாலா, அந்த வருஷ மழையாலா, நீங்கள் தினமும் தோட்டத்துக்குப் போய் நின்றதாலா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரு வரிசையைச் சும்மா விடுங்கள். இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்வேன்.

கிருமி விஷயம்: மாட்டுக் குடலில் வாழப் பழகியவற்றில் பெரும்பாலானவை திறந்த மண்ணில் நிலைப்பதில்லை. நீங்கள் கரைக்கிற வெல்லமும் பயறு மாவும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உயிர்களுக்குச் சாப்பாடு. ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது, வாளித் தண்ணீரில் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பஞ்சம் அங்கே இல்லை. அவற்றுக்குப் பஞ்சம் தீனிக்குத்தான், அதாவது மட்குக்கு. தென்னஞ்சோறு (நார்க் கழிவு), மட்டை, இலை, தொழு உரம் எல்லாம் போட்டுக்கொண்டே இருங்கள், ஜீவாமிர்தமும் விருப்பமிருந்தால் ஊற்றுங்கள்.

சும்மா விட்ட வரிசையின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் கோயம்புத்தூரைப் பாருங்கள். 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே எதுவுமே போடாத பாத்தி உண்டு, அதை வைத்துத்தான் மற்ற பாத்திகளுக்கு அர்த்தம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் கோதுமை வயலின் ஒரு துண்டு உரமே காணாமல் கிடக்கிறது.

முதலமடை, மா, மிளகு: திருவாதிரை ஞாற்றுவேலையில் நட்டால்தான் மிளகுக்கொடி பிடிக்கும் என்று அச்சன் சொல்வார். இது மூடநம்பிக்கையா?

இல்லை. ஞாற்றுவேலை என்பது சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்ற கணக்கு. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள். சூரியக் கணக்கு என்பதால் பருவத்தோடு ஒட்டிப்போகும். இப்போது திருவாதிரை ஞாற்றுவேலை ஜூன் 21, 22 வாக்கில் தொடங்குகிறது, கேரளத்தில் பருவமழை ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்குவது வழக்கம், ஆக மூன்று வாரம் நனைந்த மண்ணில் வெட்டுக்கொடி வேர் பிடிக்கிறது. உங்கள் அச்சன் சொன்னது நல்ல யோசனை.

உடுமலை: அப்படின்னா வளர்பிறையில நடுறதும் சரிதானுங்களே? கடலையே இழுக்கிற நிலா செடிச்சாத்தை இழுக்காதா?

இது வேறு. அலை ஏற்றம் வருவது பூமி 12,700 கிலோமீட்டர் அகலம் என்பதால். நிலவுக்குப் பக்கத்திலிருக்கும் முகத்துக்கும் தூரத்து முகத்துக்கும் இழுப்பு மாறுகிறது, அந்த வித்தியாசம்தான் கடலைத் தூக்குகிறது. ஒரு மீட்டர் நாற்றின் அடிக்கும் நுனிக்கும் இடையே அந்த வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். சாற்றை மேலே இழுப்பது இலையிலிருந்து ஆவியாகும் தண்ணீர். வெளிச்சம் என்று பார்த்தாலும் சூரியன் முழுநிலவைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு பிரகாசம்.

உடுமலை மறுபடியும்: எங்க ஐயன் காலத்துல இருந்து வளர்பிறையிலதான் நடுறோம், தப்பினதே இல்லைங்க.

தேய்பிறையில் நட்டுப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் தப்பாதது வளர்பிறையால் என்று எப்படிச் சொல்வது? பாதி நாற்றை வளர்பிறையில், பாதியைத் தேய்பிறையில், ஒரே ரகம், ஒரே நிலம். ஒரு வருஷம் போதாது, ஏனென்றால் இரண்டு வாரத்தில் மழையும் மாறியிருக்கும். பல வருஷம், எழுதி வைத்து. செய்தீர்கள் என்றால் முடிவு எப்படி வந்தாலும் நான் வந்து பார்க்கிறேன்.

முதலமடை: டீச்சர் ஞாற்றுவேலையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்க, மலையாளப் பக்கம் சாய்ஞ்சுட்டீங்கன்னு உடுமலைக்காரர் சொல்றார்!

யார் பக்கமும் சாயவில்லை, ஞாற்றுவேலைக்கும் ஒரு குறை உண்டு. நட்சத்திரத்தை வைத்து எண்ணும் வருஷம் பருவ வருஷத்தைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் வழுக்கும். தை முதல் தேதியை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம், ஆனால் சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-ல். இந்த மூன்று வாரத்துக்கும் மேலான இடைவெளி இப்படிச் சேர்ந்ததுதான். ஆயிரம் வருஷத்தில் ஒரு முழு ஞாற்றுவேலை நகர்ந்துவிடும். நம்ம ஆடிப்பட்டத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே நட்சத்திரத்தைப் பாருங்கள், கூடவே மண்ணைப் பிடித்து ஈரமும் பாருங்கள்.

நிலவுக்கு உயிர்களிடம் வேலையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பவளங்கள் நிலவைப் பார்த்து முட்டையிடுகின்றன. முழுநிலவை ஒட்டி விளக்குப்பொறியில் பூச்சி குறைவாக விழும், அதனால் பௌர்ணமி எண்ணிக்கையை நம்பிப் பூச்சி குறைந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

ஆழியாறு: வெள்ளை ஈக்கு...

மேலே இருக்கிறது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனைமலை, இன்னொருவர்: கேரளா வாடல் நோய்க்கு ஒரு டானிக் மரத்துக்கு இவ்வளவுன்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

வாங்காதீர்கள், அந்தக் காசில் தொழு உரம் வாங்குங்கள். இது பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவர் இல்லாத நுண்ணுயிரால் வருவது, மரத்தின் உணவுக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி இறகுப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 1882-லேயே பார்த்த நோய், இன்றுவரை குணமாக்கும் மருந்து கிடையாது. உடனே சாகிற மரமில்லை, கவனித்தால் ஓரளவு காய்க்கும். காய்ப்பு அடியோடு விட்ட மரங்களை வெட்டி எடுங்கள், புதிதாக வைக்கும்போது காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கல்பரக்‌ஷா போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களைப் பற்றிக் கேளுங்கள். ஓலை தளர்ந்து விலா எலும்பு மாதிரி வளைந்தால் மட்டும் இந்த நோயைச் சந்தேகியுங்கள், மஞ்சளான மரமெல்லாம் வாடல் நோய் இல்லை.

நடுப்புணி: போர் போட உள்ளங்கையில தேங்காய் வச்சு பாயிண்ட் பாக்கறாங்களே?

என் துறை இல்லை. மின்தடை அளந்து பார்க்கும் நிலத்தடி நீர் ஆட்களைக் கேளுங்கள்.

பொள்ளாச்சி, எட்டாம் வகுப்பு: நீர்க்கரடியை நம்ம ஊர்ல பார்க்க முடியுமா மேம்?

முடியும் சாமி! சுவரில் காய்ந்திருக்கும் பாசியைக் கொஞ்சம் எடுத்து, குளோரின் இல்லாத தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிழிந்த தண்ணீரைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கில் பார். எட்டுக் கால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, மெதுவாகத் தவழும். முதல் பாசியில் கிடைக்காவிட்டால் வேறு சுவர்ப் பாசியைப் பார். 2007-ல் இவற்றை விண்வெளிக்கு அனுப்பி வெட்டவெளியில் வைத்தார்கள், சில உயிரோடு திரும்பின.

கொழிஞ்சாம்பாறை மறுபடியும்: சரி டீச்சர், நாலு வரிசை சும்மா விடுறேன். மண் பரிசோதனைக்கு எப்படி எடுக்கணும்?

நல்லது. எரு கொட்டிய இடம், வரப்போரம், மரநிழல் தவிர்த்து நிலத்தில் பல இடங்களில் எடுங்கள். மேல் குப்பையைத் தள்ளிவிட்டு வி வடிவில் ஒரு சாண் குழி வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை எறிந்து, மறுபடி அப்படியே செய்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள், உரச் சாக்கில் வேண்டவே வேண்டாம். சும்மா விட்ட வரிசை மண்ணையும் ஜீவாமிர்த வரிசை மண்ணையும் தனித்தனிப் பையாகக் கட்டி, எது எது என்று மேலே எழுதி ஒரே நாளில் ஆய்வகத்தில் கொடுங்கள்.