வாசகர் கேள்வி: ரிசப்ஷனுக்கு என்ன பாட்டு போடலாம்?

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். ரிசப்ஷன் மூன்று மணி நேரம். நானும் அவரும் சேர்ந்து 200 பாட்டு எழுதி வைத்திருக்கிறோம். அப்பா பழைய பாட்டுதான் வேண்டும் என்கிறார், தம்பி டான்ஸ் பாட்டு போதும் என்கிறான். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பாட்டு ஒன்றுக்கு 4 நிமிடம் என்று வையுங்கள், மூன்று மணி நேரத்தில் 45 பாட்டுதான் ஓடும். மைக் பிடித்துப் பேசுகிறவர்களின் நேரத்தைக் கழித்தால் 40 தேறினால் பெரிது. ஆக 160 பாட்டை வெட்டியாக வேண்டும். சண்டை வரும், வரட்டும், அன்றைக்கு மேடையில் வருவதைவிட இப்போதே வந்து முடிவது நல்லது.

அப்பா கேட்பதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். சுமார் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்ததும் கேட்டதும்தான் மனதில் அதிகம் ஒட்டிக்கொள்கிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். அதனால் வரப்போகிறவர்கள் இருபது வயதில் எதைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்து, தலைமுறைக்குப் பத்துப் பாட்டு எடுத்தாலே பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடும். பெரியவர்கள் சீக்கிரம் கிளம்புவார்கள், அவர்கள் பாட்டு முதலில். தம்பிக்குக் கடைசி முக்கால் மணி நேரம். அப்புறம், எல்லாப் பாட்டையும் கடைசி வரி வரை ஒருமுறை கேளுங்கள். பல்லவியில் காதல் பொங்கும், இரண்டாவது சரணத்தில் அவள் விட்டுப் போயிருப்பாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், என்னைக் கேட்டால் பாட்டைவிட அதுதான் முக்கியம்: வால்யூம். ஒரு ரிசப்ஷனில் ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. பல வருடம் கழித்துப் பார்த்த நண்பன் குனிந்து காதில் ஏதோ சொன்னான், ஒன்றும் விழவில்லை, நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் அம்மா இறந்துபோனதைச் சொல்லியிருக்கிறான் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல்தான். சுற்றிலும் சத்தம் ஏறினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். இதற்கு லோம்பார்டு விளைவு என்று பெயர். எல்லோரும் கத்த, பாட்டு கேட்கவில்லை என்று சவுண்ட்காரர் இன்னும் ஏற்ற, இது எங்கே போய் நிற்கும்? 85 டெசிபலில் 8 மணி நேரம் இருந்தாலே காதுக்கு வரம்பு, 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்த வேண்டியிருந்தால் அந்த 85-ஐத் தொட்டாயிற்று என்று அர்த்தம். மேடையோரம் இரண்டு ராட்சச ஸ்பீக்கருக்குப் பதில் சின்னதாக நாலைந்தைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், முன்வரிசையின் காதும் பிழைக்கும், கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்கும்.

கேள்வி: மேடைக் கச்சேரி நல்லதா, ரெக்கார்டு பாட்டு போதுமா?

பதில்: நேரில் பாடுகிற சுகம் தனி, ஆனால் டிரம்ஸை வால்யூம் குறைக்க முடியாது. சின்ன ஹால் என்றால் கீபோர்டு, கிட்டார், ஒரு குரல் போதும். அவர்கள் இடைவேளை எடுக்கும்போது யார் பாட்டு போடுவது என்பதை முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இருபது நிமிடம் ஹால் மொட்டையாக இருக்கும்.

கேள்வி: செல்போனிலிருந்தே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. எல்லாப் பாட்டையும் முன்பே டவுன்லோடு செய்து, ஃப்ளைட் மோடில் போட்டு, சார்ஜரோடு வையுங்கள். உங்கள் போன் மட்டும் வேண்டாம். ஃப்ளைட் மோடில் இருந்தால் வாழ்த்து சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்கு லைன் கிடைக்காது, அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் ரிங்டோன் ஹால் முழுக்கக் கேட்கும்.