ஜூலையில் ப்ளூகில் எங்கே போகிறது? – கேள்வி பதில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளில் தூண்டிலோடு சுற்றத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. முதல் இரண்டு கோடைகளில் ஜூலை வந்ததும் ப்ளூகில் (இங்குள்ள ஏரிகளின் சின்னத் தட்டை மீன்) கிடைக்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பியவன்தான் நானும். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் அதே புலம்பல். முடிந்தவரை எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஜூன் ஆரம்பத்துல ஏரிக்கரை மரப்பாலத்துல நின்னுக்கிட்டே வாளி நிறைய எடுத்தோம். இப்ப அதே இடத்துல பொடிசு மட்டும்தான் கடிக்குது. பெரிசெல்லாம் எங்க போச்சு? (மேடிசன்)

நீங்கள் ஜூனில் பிடித்தது முட்டையிட வந்த கூட்டம் தம்பி. தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது ஆண் மீன்கள் இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு வந்து, வாலால் விசிறித் தட்டுபோலக் குழி பறிக்கும். முட்டை பொரித்துக் குஞ்சு நீந்தும்வரை அதே குழியில் காவல். அந்த வேலை முடிந்ததும் பெரியவற்றுக்குக் கரையில் சோலி இல்லை.

பொடிசு ஏன் போகவில்லை? பயம். கரையோரப் பாசிச் செடிகளுக்கு வெளியே வந்தால் பாஸ் என்ற பெரிய வேட்டை மீன் விழுங்கிவிடும். வளர்ந்த ப்ளூகில் பாஸின் வாய்க்குள் அடங்காது, அதனால் துணிந்து நடு ஏரிக்குப் போகிறது. அங்கே அதற்கு விருந்து, டாஃப்னியா. வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், குண்டூசித் தலை அளவு நீர்த்தெள்ளு. மிச்சிகன் ஏரிகளில் ஏர்ல் வெர்னர், கேரி மிட்டல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் இதைத்தான் விரிவாகக் காட்டினார்கள்: சிறிசு பாசிக்குள், பெரிசு திறந்த நீரில். ஆக, மரப்பாலத்தில் பொடிசு மட்டும் கடிப்பது உங்கள் கைராசி இல்லை. இடம் மாறவேண்டிய நேரம் அது.

எங்க ஏரி 60 அடி ஆழம். அடிவரைக்கும் விட்டுப் பாத்துட்டேன் சார், ஒண்ணுமே இல்ல.

அடிவரை விட்டதுதான் தப்பு. ஊரில் கோடையில் கிணற்றில் குதித்ததை நினைத்துப் பாருங்கள். மேலே வெதுவெதுப்பு, காலைக் கீழே நீட்டினால் சில்லென்று இருக்கும். ஏரியிலும் அப்படித்தான். மேல்நீர் சூடாகி லேசாக மிதக்கும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே கிடக்கும், இரண்டும் கலக்காது. நடுவில் சூடு சட்டென்று குறையும் அடுக்குக்குத் தெர்மோக்லைன் என்று பெயர். சத்து மிகுந்து பச்சை பிடித்த ஏரிகளில் அதற்குக் கீழே ஆகஸ்டுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். அங்கே மீன் இருக்காது. நீங்கள் 60 அடிக்கு விட்ட புழுவை எந்த மீனும் பார்த்திருக்காது.

எங்கள் பக்கத்து ஏரிகளில் அந்த அடுக்கு பெரும்பாலும் 15 முதல் 25 அடிக்குள் அமைகிறது. தெளிந்த ஏரியில் ஆழமாக, கலங்கலில் மேலே. சோனார் (ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) இருந்தால் சென்சிட்டிவிட்டியை ஏற்றுங்கள், திரையில் மங்கலாக ஒரு புகைக்கோடு குறுக்கே ஓடும். அதுதான் அது. ப்ளூகில் அதற்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கீழே 35 அடி தண்ணீர் இருந்தாலும் மீன் 14 அடியில் இருக்கலாம். இடத்தைத் தேடுவதைவிட மட்டத்தைத் தேடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சோனாருக்குக் காசில்ல, கயாக் மட்டும்தான் இருக்கு. வழி உண்டா?

உண்டு. முதலில் பாசி எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஆழம் கூடக் கூட வெளிச்சம் போதாமல் செடி ஒரு கோட்டில் நின்றுவிடும். அந்த வெளி விளிம்பிலிருந்து தொடங்கி, காற்று தள்ளும் போக்கில் நடு ஏரிக்கு மிதந்து போங்கள். 1/32 அவுன்ஸ் ஜிக்கை (ஈயத்தலை வைத்த முள்) எறிந்து மனசுக்குள் எண்ணுங்கள். எட்டு எண்ணி மெதுவாக இழுங்கள், அடுத்த தடவை பத்து, பிறகு பன்னிரண்டு. கடித்த எண்ணிக்கையை மறக்காதீர்கள், அன்றைக்கு முழுக்க அதே எண்தான். ஆழம் தெரிந்த இடத்தில் முதலில் ஒருமுறை விட்டு, உங்கள் ஜிக் ஓர் அடி இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். ப்ளூகில் தனியாகத் திரிகிற ஜாதி இல்லை.

நரம்பு, முள், இரை எல்லாம் என்ன அளவு?

2 முதல் 4 பவுண்டு நரம்பு, 8 அல்லது 10 நம்பர் நீளக்கழுத்து முள், பட்டாணியைவிடச் சிறிய ஈயக்குண்டு. மீனின் வாய் சட்டைப் பொத்தான் அளவுதான், பெரிய முள் போட்டால் புழுவை உருவிக்கொண்டு போய்விடும். முழு மண்புழு வேண்டாம், முள்ளை மூடும் அளவுத் துண்டு போதும்.

தக்கை போட்டா ஆழமா விட முடியலண்ணே. 15 அடி நரம்பத் தொங்கவிட்டு எப்படி எறியறது?

ஓடும் தக்கை வாங்குங்கள். நரம்பில் 15 அடிக்கு மேலே ஒரு நூல் முடிச்சும் சின்ன மணியும் இருக்கும். எறியும்போது தக்கை ஈயத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும், தண்ணீரில் விழுந்ததும் நரம்பு அதன் வழியே ஓடி, முடிச்சு வந்து முட்டி நிற்கும். இன்னொன்று: தக்கை அமுங்கினால்தான் கடி என்று நினைக்காதீர்கள். மீன் கீழிருந்து வந்து இரையைத் தூக்கினால் ஈயத்தின் பாரம் குறைந்து, நிமிர்ந்து நின்ற தக்கை சாய்ந்து படுக்கும். அப்போதே மணிக்கட்டை லேசாகத் தூக்குங்கள். நான் எத்தனை மீனை இப்படி வேடிக்கை பார்த்தே விட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ராத்திரி போகலாமா?

ப்ளூகில் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன். விடியலும் பொழுது சாயும் நேரமும் நல்லது. பெரியவை ஆழத்தில் இருந்தால் பகல் பதினொரு மணிக்கும் கடிக்கும்.

சின்னதா இருந்ததால திருப்பி விட்டேன். மல்லாந்து மிதந்துச்சு, பையன் அழுதுட்டான். என்ன தப்பு பண்ணேன்? (டுலூத்)

எவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதவில்லை, 30 அடி இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே அழுத்தத்தில் இருந்த மீனை வேகமாக மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை பலூன்போல ஊதிவிடும். பிறகு அதால் கீழே இறங்க முடியாது. எனக்கு இதில் ஒரே கொள்கை: 25 அடிக்குக் கீழே போட்டால் வருவது சிறிசோ பெரிசோ குழம்புக்குத்தான், நாலைந்து சேர்ந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். பிடித்துத் திருப்பி விடுவதென்றால் 15 அடிக்கு மேலேயே விளையாடுங்கள். பையனுக்கும் அதுதான் தோது.

ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கலாம்?

மினசோட்டாவில் பொதுவாக 20, விஸ்கான்சினில் 25. ஆனால் பல ஏரிகளுக்குத் தனி வரம்பு உண்டு, மினசோட்டாவில் சிலவற்றில் ஐந்துதான். போகும் ஏரியின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. குழியைக் காக்கும் பெரிய ஆணை எல்லோரும் ஜூனில் அள்ளிவிட்டால், போட்டியில்லாத சின்ன ஆண்கள் வளர்ச்சியை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். சில வருடத்தில் ஏரி முழுக்க உள்ளங்கை மீன்தான். பெரிசை விட்டு நடுத்தரத்தை எடுப்பது சாப்பாட்டுக்கும் சரி, ஏரிக்கும் சரி.

அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. பார்த்துட்டு "ஜிலேபி மீன் மாதிரில்ல இருக்கு"ங்கறாங்க. வறுக்கலாமா?

அம்மா சொன்னது சரி, பார்வைக்கு அப்படித்தான். முதுகுமுள் குத்தும், தலைப்பக்கமிருந்து கையை வழித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். செதில் உரசி, தலையை எடுத்து, முழுசாகக் கீறி மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை. சதை மெல்லிசு, பத்து நிமிடம் ஊறினால் போதும். அசைவம் என்றாலே இஞ்சி பூண்டு அரைக்கிற கை கொஞ்சம் அடங்கட்டும், இந்த மீனுக்கு இயல்பாகவே ஒரு தித்திப்பு உண்டு.

இவ்வளவு நல்ல மீனை ஊருக்குக் கொண்டுபோய் நம்ம குளத்துல விட்டா என்ன சார்?

விளையாட்டுக்குக் கேட்டீர்கள் என்று நம்புகிறேன். 1960இல் சிகாகோ மேயர், ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குப் பரிசாக ப்ளூகில் கொடுத்தார். உணவு மீனாக வளரும் என்று எண்ணினார்கள். அது பீவா ஏரிவரை பரவி அங்குள்ள மீன்களை ஒடுக்கிவிட்டது. பேரரசரான பிறகு 2007இல் அவரே அதற்காக மனம் வருந்திப் பேசினார். நம் குளங்களுக்கு ஜிலேபி ஒன்றே போதும். அட, மிஞ்சிய மண்புழுவைக்கூடக் கரையில் கொட்டாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.