சின்ன ஐஎஸ்பி, பெரிய சந்தா: மும்பைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தாராவியிலிருந்து: அண்ணே, நான் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கற சின்ன ஐஎஸ்பி, 600 கனெக்‌ஷன் இருக்கு. சொந்த ஐபி (இன்டர்நெட் முகவரி எண்) வேணும்னா ஐஆர்ஐஎன்என்-ல, அதாவது இந்தியாவுல ஐபி பிரிச்சுக் கொடுக்கற அமைப்புல, உறுப்பினர் ஆகணும்னு சொல்றாங்க. வருஷா வருஷம் சந்தா கட்டி மாளுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஒரு ஐபியில் 65,536 போர்ட், அதாவது இணைப்புகளைப் பிரித்தறியும் வாசல் எண்கள். ஆளுக்கு 1,000 போர்ட் ஒதுக்கினாலும் ஒரு ஐபியை 64 வீடுகள் பங்குபோடலாம், அப்படிப் பார்த்தால் 600 வீட்டுக்குப் பத்து ஐபி போதும். அதை மேலே பேண்ட்வித் கொடுப்பவரிடமே வாங்கிக்கொண்டு சிஜிநாட் (ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறை) போடு. சந்தாப் பணத்தில் அறுந்த ஃபைபரை ஒட்ட நல்ல ஸ்ப்ளைசிங் மெஷின் வாங்கு, மழைக்காலத்தில் அதுதான் சோறு போடும்.

செம்பூரிலிருந்து: அப்போ எப்பத்தான் சொந்த ஐபி எடுக்கறது?

இரண்டு இடத்தில் பேண்ட்வித் வாங்கும் நாள் வரும்போது. மேலே இருப்பவர் கொடுத்த ஐபி அவருடையது, அவரை விட்டு வந்தால் அதுவும் போய்விடும். நான் ஒருவரை விட்டு விலகியபோது மாறாத (ஸ்டேட்டிக்) ஐபி வைத்திருந்த நாற்பது கடைகளுக்கு நடையாய் நடந்து கேமரா செட்டிங் மாற்றினேன், பாதிப் பேர் திட்டினார்கள், இரண்டு பேர் மட்டும் டீ கொடுத்தார்கள். இணையத்தில் உன் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் சொந்த ஏஎஸ் நம்பரும் குறைந்தது 256 ஐபியும் இருந்தால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் ஒன்று, ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 2019-லிருந்து புது உறுப்பினருக்கு ஐபிவி4 (பழைய வகை ஐபி) அதிகபட்சம் 512-தான். முன்பு 1,024 கிடைத்தது. பிந்தி வந்தவனுக்குப் பந்தியில் பாயசம் இல்லை. கூடவே புது வகையான ஐபிவி6 கேட்டு வாங்கு, அதில் பஞ்சமே கிடையாது.

சயான் கோலிவாடாவிலிருந்து: ஐரோப்பாவில் இதெல்லாம் மலிவாமே?

யார் சொன்னது? அங்கே ஐபி பிரித்துக் கொடுக்கும் ரைப் அமைப்பில் ஒரு கணக்குக்கு 2025-இல் ஆண்டுச் சந்தா 1,800 யூரோ. பத்துப் பேர் கம்பெனிக்கும் அதே தொகை, நாடு முழுக்க லைன் போட்டவனுக்கும் அதே தொகை. சமத்துவம் என்பார்கள், சின்னவனுக்கு மட்டும்தான் அது வலிக்கும். நம் ஊரில் கையில் இருக்கும் ஐபி எண்ணிக்கையைப் பொறுத்துச் சந்தா. இந்த விஷயத்தில் நம் முறைதான் நியாயம் என்பேன்.

முலுண்டிலிருந்து: லைசன்ஸ் கட்டணம் தனியா?

தனி. 2013-இல் வந்த யுனிஃபைட் லைசன்ஸ் கணக்கில் நுழைவுக் கட்டணம் நாடு முழுமைக்கும் 30 லட்சம், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு (‘பி’ பிரிவு) 2 லட்சம், அதைவிடச் சிறிய பகுதிக்கான சி பிரிவுக்கு 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். மும்பை ‘பி’ பிரிவில் வரும், அதனால் 20,000 கதையைக் கேட்டு ஏமாறாதே.

தாராவி தம்பி மறுபடியும்: சிஜிநாட் போட்டா போலீஸ் வந்து கேட்டா என்ன சொல்றது?

நல்ல கேள்வி, இதை விட்டுவிட்டு நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஐபியும் நேரமும் மட்டும் கொடுத்தால் 64 வீட்டில் எது என்று தெரியாது, போர்ட் நம்பரும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் போர்ட் வரிசையை நிலையாக ஒதுக்கிவிடு. லைசன்ஸ் கேட்கும் இணைப்பு லாகையும் (பதிவையும்) வைத்திருக்க வேண்டும், ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க அதைத் துழாவ வேண்டியதில்லை, எந்தப் போர்ட் எந்த வீட்டுக்கு என்ற பட்டியலும், அந்த வீட்டுக்காரர் லாகின் செய்த நேரமும் இருந்தால் ஆளைச் சொல்லிவிடலாம்.