ஆங்கில லிசனிங் (கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி) வகுப்பு: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆடியோவைப் போட்டு, பத்துக் கேள்வி கொடுத்து, விடைகளைச் சரிபார்க்கிறேன். பருவமே முடியப்போகிறது, மதிப்பெண் அசையவில்லை.

பதில்: நீங்கள் நடத்துவது தேர்வு. தப்பான விடை ஏன் வந்தது என்று தோண்டும்போதுதான் அது பாடமாகும். 2 நிமிட ஆடியோ போதும். தலைப்பை மட்டும் சொல்லி, அதில் என்னென்ன வரும் என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். முதல்முறை கேட்டதும் ஊகத்தைச் சரிபார்த்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடட்டும். இருவரும் முரண்படும் இடத்துக்காகவே இரண்டாம் முறை காதைத் தீட்டுவார்கள். எழுத்து வடிவத்தை மூன்றாம் முறைதான் கையில் கொடுக்க வேண்டும். தவறவிட்ட இடத்தில் கோடு போட்டு, காரணத்தையும் எழுதட்டும்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் பிடிபடவில்லையா, முந்தின வாக்கியத்திலேயே மனம் நின்றுவிட்டதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி: எழுத்தில் பார்த்தால் எல்லாச் சொல்லும் தெரிகிறது, காதில்தான் விழவில்லை என்கிறார்கள்.

பதில்: கண்ணால் படித்தே ஆங்கிலம் கற்றவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். 'வாட் டூ யூ வாண்ட்' என்று தனித்தனியாக எதிர்பார்ப்பார்கள், வருவதோ 'வாடயவான்ட்'. 'ஐ கேன் கோ' என்பதில் 'கேன்' வெறும் 'க்ன்' ஆகச் சுருங்கிவிடும். 'கான்ட்' அப்படிச் சுருங்காது, ஆனால் அதன் கடைசி 'ட்' பல நேரம் விழுங்கப்படும். 'ட்' வருகிறதா என்று காத்திருப்பவர் பொருளையே தலைகீழாக எடுத்துக்கொள்வார். அந்தச் சொல் அழுத்திச் சொல்லப்படுகிறதா என்று கவனிக்கப் பழக்குங்கள். 6 முதல் 8 சொல் உள்ள துண்டை வெட்டி, இயல்பான வேகத்தில் 3 முறை போடுங்கள். முதலில் எத்தனை சொல் என்று எண்ணட்டும், பிறகு எழுதட்டும். எண்ணிக்கையிலேயே வகுப்பு இரண்டுபடும். அந்தச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள், மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ஆடியோ வேகத்தை 0.75 மடங்காகக் குறைக்கலாமா?

பதில்: ஒட்டிய சொற்கள் ஒட்டியபடியே இழுபடும், அவ்வளவுதான். வேகத்தைத் தொடாமல் வாக்கிய முடிவில் நிறுத்துங்கள்.

கேள்வி: சப்டைட்டில்?

பதில்: ஆங்கிலத்தில் மட்டும், கடைசிச் சுற்றில். முதலிலேயே வைத்தால் கண் படிக்கும், காது ஓய்வெடுக்கும்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு) எழுதுபவர்கள், முதலில் காதில் விழும் விடையை எழுதி ஏமாறுகிறார்கள்.

பதில்: அதன் லிசனிங் பகுதியில் 4 பிரிவு, 40 கேள்வி, ஆடியோ ஒரே முறை. செவ்வாய்க்கிழமை என்று சொன்னவரே அடுத்த மூச்சில் புதன் என்று மாற்றுவது அங்கே வழக்கமான பொறி. 'பட்', 'ஆக்சுவலி' கேட்டால் எழுதியதை அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். கேள்விகளைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தில், வரப்போகும் விடை எண்ணா பெயரா என்று ஓரத்தில் குறிக்கட்டும். ஒன்று தவறினால் விட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். அதையே யோசித்து நிற்பவருக்கு அடுத்த இரண்டும் போய்விடும்.