லாஸ் வேகஸில் மத்திய அரசு நிலத்தை விற்கும் பணம் பாலைவன ஆமைக்குப் போய்ச் சேருகிறதா?

ஒரு பகுதி போய்ச் சேருகிறது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அமெரிக்க மத்திய அரசின் கையில் இருப்பதால், அதை வாங்காமல் லாஸ் வேகஸ் வளர முடியாது. 1998-ஆம் ஆண்டின் தெற்கு நெவாடா பொது நில மேலாண்மைச் சட்டம் நகரைச் சுற்றி ஒரு எல்லை வகுத்தது. அதற்குள் எந்த மனையை விற்பது என்பதை உள்ளாட்சியும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சந்தை மதிப்புக்குக் குறையாமல் ஏலம் விடுவார்கள்.

வருவாயில் 5 சதவீதம் மாநிலக் கல்வி நிதிக்கும், 10 சதவீதம் தெற்கு நெவாடா தண்ணீர் ஆணையத்துக்கும் போகும். மீதி 85 சதவீதம் தனிக் கணக்கில் சேரும். முக்கியமாக, இது நாட்டின் பொதுக் கருவூலத்துக்குப் போவதில்லை. பூங்கா, நடைபாதை, வாழிடப் பாதுகாப்பு, சூழல் முக்கியத்துவமுள்ள தனியார் நிலங்களை வாங்குவது எல்லாம் இதிலிருந்துதான். ஆகவே ஆமைக்கும் பூங்காவுக்கும் ஒரே பணத்தில் போட்டி.

கட்டுமானக்காரரின் பங்கு வேறு. லாஸ் வேகஸ் அடங்கிய கிளார்க் கவுன்டி (மாவட்டம்) 2001-இல் பெற்ற அனுமதிப்படி, 78 உயிரினங்களைக் காக்கும் திட்டத்துக்கு அவர்கள் ஏக்கருக்கு 550 டாலர் கட்ட வேண்டும். அதற்கு ஈடாக, மொத்தம் 1,45,000 ஏக்கர் வரை வாழிடத்தை அழிக்கலாம்.

சிக்கல் களத்தில் இருக்கிறது. கட்டுமான நிலத்திலிருந்து எடுத்த ஆமையை வேறிடத்தில் விட்டால் பழைய இடம் தேடி வெகுதூரம் அலையும். தூக்கும்போது பயந்து சிறுநீர் கழித்தால், வறட்சிக்குச் சேமித்த நீரை இழக்கும். உடனே நீரூட்ட வேண்டும். நகரக் குப்பையால் பெருகும் அண்டங்காக்கைகள் ஓடு கெட்டிப்படாத குஞ்சுகளைத் தின்றுவிடும். எனவே இடமாற்றத்தைவிட, தொடர்ச்சியான பெரிய வாழிடத்தைத் துண்டாகாமல் காக்கவும் ஆமை சாலைக்கு வராதபடி நெடுஞ்சாலையோரம் வேலி போடவும் செலவழிப்பதே மேல்.