காலியாகக் கிடக்கும் ஓடுபாதை

கேள்வி: கடலோரச் சிற்றூர்களில் இருக்கும் சின்ன விமான நிலையங்களுக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று விமானங்கள்தான் வருகின்றன. மீதி நேரமெல்லாம் காலி. வசதியுள்ள சிலர் பறப்பதற்காக எல்லோருடைய வரிப்பணத்தையும் ஏன் கொட்ட வேண்டும்? மூடிவிட்டு, புயலோ வெள்ளமோ வந்தால் மட்டும் திறந்துகொள்ளலாமே?

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம் என்கிறீர்களே, அது நடக்காத காரியம்.

பூட்டிப் போட்ட வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கிக் குடிபோய்விடலாம். ஓடுபாதை அப்படி இணங்காது. வேலி ஓரிடத்தில் அறுந்தால் ஆடு மாடு உள்ளே வரும். புல்லைக் கவனிக்காமல் விட்டால் பூச்சி சேரும், பூச்சியைத் தேடிப் பறவை வரும், பறவை என்ஜினுக்குள் போகும். கடலோரத்தில் இதற்கெல்லாம் மேலே உப்புக்காற்று. ஓடுபாதை விளக்கின் இணைப்பு, வேலிக்கம்பி, தீயணைப்பு வண்டி என்று எதையும் விட்டுவைக்காது. ஒரு வருடம் பூட்டி வைத்த கடலோர நிலையத்தைப் புயலுக்கு மறுநாள் காலையில் திறக்க யாராலும் முடியாது. தீயணைப்புக் குழுவின் பயிற்சியும் அப்படித்தான். தினமும் செய்தால்தான் கையில் நிற்கும்.

இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் நடந்ததைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, சுமத்ரா தீவின் வட முனைக்கு உணவும் மருந்தும் வந்து இறங்கிய முக்கிய வாசல் அந்த ஊர் விமான நிலையம்தான். இருந்தது ஒரே ஓடுபாதை. 2005 ஜனவரி 4 அன்று, நிவாரணப் பொருள் கொண்டுவந்த விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் நின்ற மாட்டின் மீது மோதியது. விமானத்தை அப்புறப்படுத்தும் வரை பல மணி நேரம் வேறு விமானம் எதுவும் இறங்க முடியவில்லை. மக்கள் காத்துக் கிடந்த நேரத்தில் வேலியும் காவலும் என்ன மதிப்புப் பெறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

ஜப்பானின் செண்டாய் இன்னொரு விதம். 2011 மார்ச் 11 அன்று கடல் அந்த விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முனையத்தின் மேல்தளத்தில் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். சேறும் கார்களும் மரங்களும் குவிந்த ஓடுபாதையை ஒதுக்கிச் சீராக்கி, ஒரு வாரத்துக்குள் நிவாரண விமானங்களை இறக்கினார்கள். ஏப்ரல் 13 அன்று பயணிகள் விமானமும் வந்தது. அன்றாடம் இயங்கிய நிலையம், இடம் தெரிந்த ஊழியர்கள். அவர்கள் இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, பேரிடரை விடுங்கள், அது தினமும் வருவதில்லை. சாதாரண நாளுக்கு வருவோம். நீங்கள் விமானங்களை எண்ணுகிறீர்கள். தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் 5,000 பேர்கூட இல்லை. விமானம் வருவதற்கு முன், அங்கே போக தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்தாறு நாள் ஆனது. சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டினார்கள். 2016இல் திறக்க வேண்டியது. ஓடுபாதை நெருங்கும் இடத்தில் காற்று திடீர் திடீரென்று மாறுவதால் பெரிய விமானங்களை இறக்குவது ஆபத்து என்று கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. 'உலகத்திலேயே உதவாத விமான நிலையம்' என்று பத்திரிகைகள் எழுதின. காற்றை முன்பே சரியாகக் கணிக்காதது பெரிய தவறு, கண்டித்தது சரிதான். ஆனால் உதவாதது என்ற தீர்ப்பு தவறு. 2017 அக்டோபர் 14 முதல் அங்கே சிறிய விமானம் வாரம் ஒருமுறை வரத் தொடங்கியது. வாரத்துக்கு ஒன்று! உங்கள் கணக்கில் அது பூஜ்யம். இரவில் வலியில் துடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்த கப்பல் என்று வரும் என்று பார்த்திருந்த தாய்க்கு, ஆம்புலன்ஸ் விமானம் இறங்க ஓர் இடம் கிடைத்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இனி உங்கள் பக்கத்து நியாயம். நிலையம் மக்களுக்கு என்று சொல்லிவிட்டு, மீனவர் வலை காயவைத்த மணலையும் பறவை தங்கும் சதுப்பையும் வேலிபோட்டு மூடினால், வீட்டுக்கு மேலே இரைச்சலை மட்டும் கொடுத்தால், ஊர்க்காரர் ஏன் ஆதரிக்க வேண்டும்? சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள பாரா தீவைச் சொல்வேன். 1936 முதல் அங்கே விமானம் இறங்குவது கடற்கரை மணலில். கடல் ஏறினால் மூன்று ஓடுபாதைகளும் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்தே கால அட்டவணை போடுகிறார்கள். அதே மணலில்தான் ஊர்க்காரர்கள் மட்டி பொறுக்குகிறார்கள். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் பறந்தால் விலகிக்கொள்ள வேண்டும், இறக்கிவிட்டால் போகலாம், அவ்வளவுதான். பாராவுக்குக் கிளாஸ்கோவிலிருந்து வரும் விமானம் அரசு மானியத்தில் ஓடுகிறது. அந்தப் பகுதித் தீவுவாசிகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 50 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. பணக்காரர்கள்தான் பறக்கிறார்கள் என்பது உங்கள் குறை. அப்படியானால் ஊர்க்காரருக்குப் பாதிக் கட்டணம் கேளுங்கள். நிலையத்தையே மூடச் சொன்னால் பணக்காரர் காரில் பெரிய ஊருக்குப் போய் அங்கிருந்து பறந்துவிடுவார். தவிப்பது மற்றவர்கள்.

எனக்குக் கட்டணத்தைவிட நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு சிறு நிலையம் யாருக்காக ஓடுகிறது என்பதை அதன் கால அட்டவணையே காட்டிவிடும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலை திரும்பினால், பெரிய மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர் அன்றே வீடு திரும்பலாம், கண் மருத்துவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், விடியற்காலையில் பிடித்த நண்டு உயிரோடு சந்தைக்குப் போகும். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு விமானம் வந்து உடனே திரும்பினால், அது சுற்றுலாப் பயணிக்கு வசதி. நோயாளிக்கு இரண்டு இரவு விடுதிச் செலவு. வெளியூரில் இரவு நிற்கும் விமானம் அங்கேயிருந்துதான் காலையில் கிளம்பும், எனவே விமானம் இரவில் எந்த ஊரில் நிற்கிறது என்பதும் முக்கியம்.

ஆகவே, நிர்வாகம் அடுத்த முறை மக்களை அழைத்துப் பேசும்போது மூடச் சொல்லாதீர்கள். காலை முதல் விமானம் எத்தனை மணிக்கு, கடைசி விமானம் எத்தனை மணிக்குத் திரும்புகிறது, நள்ளிரவில் ஆம்புலன்ஸ் விமானம் வந்தால் ஓடுபாதை விளக்கைப் போட ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.