டிவிக்குப் பேட்டரி: தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். ஹோம் தியேட்டரோடு 55 அங்குல டிவி வாங்கி, மாதம் 3,000 தவணை கட்டுகிறோம். இன்னும் 4 மாதம் பாக்கி. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது. சேலத்தில் ஒரு கடையில் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரியும் சேர்த்து 24,000, வட்டியில்லாத் தவணை மாதம் 2,000 என்கிறார்கள். ரொக்கமென்றால் 22,500. கையில் 12,000 இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தத் தவணை வேண்டாம் சகோதரி. ரொக்கத்துக்கு 1,500 குறைக்கிறார்கள் என்றால் பொருளின் விலையே 22,500தான். அதற்கு 12 மாதம் 2,000 கட்டுவது ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குச் சமம். பிராசசிங் கட்டணம் தனியாக இருந்தால் இன்னும் ஏறும். டிவி தவணையோடு சேர்ந்து மாதம் 5,000 கையை விட்டுப் போகும். அவ்வளவு நெருக்கடி ஒரு டிவிக்காக வேண்டாமே.

முதலில் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று பாருங்கள். மலிவாக ஒரு யுபிஎஸ் போதுமே என்று தோன்றலாம். 3,000, 4,000 ரூபாய்க்குக் கிடைக்கும், கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. டிவி சுமார் 150 வாட், ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் இன்னொரு 150 என்று வைத்தால், அது பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஒழுங்காக அணைத்து வைக்க உதவும், அவ்வளவுதான். மலையில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் பத்து நிமிடத்தில் திரும்புவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அந்தப் பணம் வீண்.

சரி, 150 ஏஎச் தேவையா? 100 ஏஎச் ட்யூபுலர் (குழாய் வடிவத் தகடுள்ள) பேட்டரியே போதும் என்பது என் கணக்கு. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,200 வாட் அவர். பாதிக்கு மேல் வடித்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். அந்தப் பாதி 600. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவதில் வீணாவதும் போக 480 வாட் அவர் கையில் நிற்கும். எல்லாம் ஓடினால் ஒன்றரை மணி நேரம். சப்வூஃபரையும் ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பார்த்தால் மூன்று மணி நேரம், ஒரு முழுப் படம். இன்வெர்ட்டரும் சேர்த்து இப்படி வாங்கினால் சுமார் 17,000க்குள் முடியும்.

இன்வெர்ட்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கரடுமுரடாகக் கரண்ட் தரும் ஸ்கொயர் வேவ் வகை மலிவுதான். ஆனால் ஸ்பீக்கரில் உறுமல் சத்தம் கேட்கும், ஆம்ப்ளிஃபயரும் சூடேறும். லைன் கரண்ட் போலச் சீராகத் தருவது ப்யூர் சைன் வேவ். அப்படிக் கேட்டு, அட்டைப்பெட்டியில் அப்படி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணத்துக்கு வழி: டிவி தவணை முடியும்வரை அந்த 12,000த்தைத் தொடாதீர்கள். முடிந்த பிறகு அதே 3,000த்தை இரண்டு மாதம் ஒதுக்கினால் 18,000 சேர்ந்துவிடும். ஆறு மாதக் காத்திருப்பு, கடன் இல்லை.

அதுவரை இடி இடிக்கும்போது டிவி பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் வந்த பிறகும் இதை விடக்கூடாது, ஏனென்றால் மின்னலை அது தடுக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, பெரிய செலவைத் தவிர்க்கும்.

அப்புறம், வாங்கும் அன்று பேட்டரியின் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரியை விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள். வாரண்டி கார்டில் விற்ற தேதியும் கடை முத்திரையும் விழுந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.